பெரிய சக்கரம், ஒற்றைப் பல்சக்கரம்

டயரின் பக்கவாட்டில் ‘29’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் மலைச் சைக்கிள் சக்கரத்தை நாடா வைத்து அளந்தால் எங்கேயும் 29 அங்குலம் கிடைக்காது. 2.1 அங்குல அகலமுள்ள டயரில் காற்றடித்தபின் வெளிவிட்டம் சுமார் 730 மில்லிமீட்டர் வரும். அங்குலத்தில் சொன்னால் 28¾. நம்பத்தக்க எண் அதே டயரில், கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற சிறிய எழுத்தில் இருக்கும்: 54-622. முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண், ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு. 26 அங்குல மலைச் சைக்கிளில் இந்த இரண்டாவது எண் 559. இரண்டுக்கும் நடுவே வந்த 27.5இல் 584.

இப்போது பரளச்சி கிராமத்தில் ஏதாவது ஒரு வீட்டுச் சுவரோரம் சாத்தியிருக்கும் பழைய கறுப்புச் சைக்கிளைப் பாருங்கள். ஹெர்குலிஸோ, ஹீரோவோ, அட்லஸோ, பெயர் எதுவானாலும் டயரில் 28 × 1½ என்று இருக்கும். அந்த டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். ‘பெரிய சக்கரம்’ என்று இன்று புதிதாக விற்கப்படும் 29ஐவிட 13 மில்லிமீட்டர் பெரியது. அந்தச் சைக்கிளுக்குக் கியரும் கிடையாது. பெரிய சக்கரம், ஒரே வேகம், எளியவர் கைக்கு எட்டும் விலை என்ற மூன்றும் சேர்ந்த வண்டி அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பல தலைமுறைகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. பருத்தி மூட்டை, தண்ணீர்க் குடம், புல்லுக்கட்டு, ஆட்டுக்குட்டி என்று அது சுமக்காத பொருள் இல்லை.

பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒற்றை வேக 29 அங்குல மலைச் சைக்கிளில் அப்படியானால் புதியது என்ன? என் பதில், சக்கரத்தின் உயரத்தில் புதிதாக ஒன்றும் இல்லை என்பதே. புதியது டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றின் பருமன். இந்த அத்தியாயம் முழுக்க அதைத்தான் கணக்குப் போட்டுக் காட்டப் போகிறேன்.

முதலில் 26 எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். 1970களில் கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்தில் டமால்பையஸ் மலைச்சரிவில் சில இளைஞர்கள் சைக்கிளை மண்பாதையில் உருட்டிவிட்டு விளையாடினார்கள். அதற்கு வாகாக அமைந்தவை 1930களில் ஷ்வின் நிறுவனம் செய்த தடித்த டயர் சைக்கிள்கள். பழைய சாமான் கடைகளில் அவை மலிவாகக் கிடைத்தன. அவற்றின் சக்கரம் 26 அங்குலம். 1976இல் அந்த வட்டாரத்தில் பந்தயம் தொடங்கியது. பிறகு அந்த விளையாட்டிலிருந்து ஒரு தொழிலே எழுந்தபோது சக்கர அளவும் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மனித உடலுக்கோ மண்பாதைக்கோ 26தான் சிறந்தது என்று யாரும் சோதித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. 622 மில்லிமீட்டர் ரிம் ஐரோப்பியச் சாலைச் சைக்கிள்களில் காலங்காலமாக இருந்ததுதான். அதற்கேற்ற தடித்த மலை டயர் 1999இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிறகே ‘29’ என்ற பெயர் நிலைத்தது. அந்த அலை நம் ஊர்க் கடைகளுக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.

பெரிய சக்கரம் மேடு பள்ளத்தில் எளிதாக ஏறும் என்று விற்பனையாளர் சொல்வார். உண்மைதான். எவ்வளவு எளிதாக என்பதை அவர் சொல்வதில்லை. கண்மாய்க்கரைப் பாதையில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கல் நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்சக்கரத்தின் மேல் 35 கிலோ எடை அழுத்துகிறது. மெதுவாகப் போய் முட்டும் சக்கரம் அந்தக் கல்லின் மேல் ஏற, அச்சை முன்னோக்கித் தள்ளும் விசை வேண்டும். அந்த விசை சக்கரத்தின் ஆரத்தையும் கல்லின் உயரத்தையும் பொறுத்தது. டயர் நசுங்காது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 26க்கு ஏறத்தாழ 21.7 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும்; 29க்கு 20.5 கிலோ. வித்தியாசம் ஐந்தரை சதவீதம். கையில் உணரக்கூடிய வித்தியாசம்தான். ஆனால் அதற்காக மட்டுமே காசைக் கூடுதலாகக் கொடுக்கலாமா என்றால், நான் யோசிப்பேன். பழைய 28 × 1½ சக்கரத்துக்கு இதே கணக்கைப் போட்டால் விடை 29க்கு மிக அருகில், 20.8 கிலோ என்று வருகிறது.

ஆனால் அந்தப் பழைய சைக்கிளில் அதே கல்லின் மேல் ஏறிப் பார்த்தவருக்கு இடுப்பில் இறங்கும் அதிர்ச்சி தெரியும். கணக்கில் நாம் ஒதுக்கிவைத்த விஷயம், டயர் நசுங்குவது, இங்கேதான் உள்ளே வருகிறது. 54 மில்லிமீட்டர் அகல டயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. சக்கரம் முழுசாக ஐந்து சென்டிமீட்டர் எழும்ப வேண்டியதில்லை. பழைய சைக்கிளின் 40 மில்லிமீட்டர் டயரில் அவ்வளவு இடம் இல்லை. அதில் காற்றைக் குறைத்தால் ரிம் கல்லில் இடிக்கும், டியூபில் பாம்பு கடித்ததுபோல இரட்டை ஓட்டை விழும். அதனால் அதைக் கல்மாதிரி இறுக்கமாகவே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

அழுத்தத்துக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு எளிமையானது. பின்சக்கரத்தில் 60 கிலோ எடை இருந்தால், 50 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 17 சதுர சென்டிமீட்டர். 35 பிஎஸ்ஐ ஆக்கினால் 24 சதுர சென்டிமீட்டருக்கு மேல் விரிகிறது. எடை மாறவில்லை, அது பரவும் இடம்தான் மாறியது. மாட்டுவண்டியும் டிராக்டரும் அரைத்துப் பொடியாக்கிய கோடைக் கரிசல் புழுதியில் முதல் டயர் புதைந்து இழுக்கும், இரண்டாவது மேலாகவே போகும். சக்கரத்தின் விட்டம் பெரிதானால் தரையைத் தொடும் பரப்பு அகலத்தில் குறுகி நீளத்தில் கொஞ்சம் கூடும். புழுதியில் அதுவும் நல்லதே. இருந்தாலும் பெரும்பங்கு காற்றுக்குத்தான். புதிய சைக்கிளை வாங்கி வந்து, பழக்கதோஷத்தில் பம்பை முழுப்பலத்தோடு அடித்து டயரை இரும்பாக்கிவிடுகிறவர், கொடுத்த காசின் முக்கியப் பலனை அந்த நிமிடமே இழந்துவிடுகிறார்.

கரிசலின் இன்னொரு முகத்தை எந்த டயராலும் சமாளிக்க முடியாது. இந்த மண்ணில் இருக்கும் களி, அடுக்கடுக்காக அமைந்த நுண்தகடுகளால் ஆனது. மழைநீர் அந்த அடுக்குகளுக்கிடையே புகுந்து ஊதவைக்கும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் நனைந்த கரிசல் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் போய் அடைத்து, பத்தடி நகர்வதற்குள் சக்கரத்தை நிறுத்திவிடும். கட்டை கட்டையாகப் பற்கள் வைத்த மலை டயர் வழுவழுப்பான டயரைவிட அதிக மண்ணை அள்ளும். வழுக்காமல் இருக்க வைத்த பற்களே அங்கே வினையாகின்றன. வாங்கும்போது டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் செய்யக்கூடியது, ஈரக் கரிசல் தெரிந்ததும் இறங்கித் தார்ச்சாலைப் பக்கம் போவது ஒன்றுதான்.

அடுத்தது முள். இந்த வட்டாரத்தில் சைக்கிள் வாங்குகிறவர் கியரைவிட, பிரேக்கைவிட அதிகமாக யோசிக்க வேண்டியது இதைப் பற்றித்தான். 1870களில் சென்னை மாகாண வனத்துறையின் முயற்சியால் கடப்பைப் பகுதியில் நடப்பட்ட, அமெரிக்கக் கண்டத்து மரமான சீமைக்கருவேலம், இன்று பழைய ராமநாதபுரம் மாவட்டம் முழுவதையும் வளைத்து நிற்கிறது. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அதை வெட்டி இழுத்துச் செல்லும் பாதையெல்லாம் முள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள காய்ந்த முள்ளைச் சாதாரணச் சைக்கிள் டயர் எதுவும் தடுக்காது. தரிசில் படர்ந்திருக்கும் நெருஞ்சி வேறு வகை எதிரி. அதன் காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும்; ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும்படி இயற்கை அதை அமைத்திருக்கிறது. ஆட்டின் குளம்பில் ஏறி அடுத்த நிலத்துக்குப் போவதற்காக உண்டான வடிவம் அது. டயரிலும் அதே நேர்த்தியோடு ஏறுகிறது.

நெருஞ்சி முள் சில மில்லிமீட்டர் நீளமே என்பதால் டயரின் தடிமன் அதற்கெதிராக உதவும். இங்கே மலை டயரில் ஒரு நுட்பம் உண்டு. பற்கள் இருக்கும் இடத்தில் ரப்பர் தடிமனாக இருக்கும். பற்களுக்கிடையில் உள்ள பள்ளங்களில் மெல்லியதாக இருக்கும். பற்கள் நெருக்கமாக, நடுவில் தொடர்ச்சியான கோடு ஓடும்படி அமைந்த டயரே நம் ஊருக்குப் பொருத்தம். விளம்பரப் படங்களில் கம்பீரமாகத் தெரியும் அகன்ற இடைவெளிப் பற்களுக்கு இங்கே வேலை இல்லை. டயருக்கும் டியூபுக்கும் நடுவே பழைய டயரைச் சீவி எடுத்த பட்டையை வைப்பது பஞ்சர் ஒட்டுபவர்களுக்குத் தெரிந்த வழி. கொஞ்சம் கனம் கூடும், பரவாயில்லை. ஒட்டி முடித்த பிறகு டயரின் உட்புறத்தில் பஞ்சையோ துணியையோ சுற்றிலும் ஓட்டிப் பார்ப்பது இன்னும் முக்கியம். ஒடிந்து உள்ளே நிற்கும் முள்முனையில் பஞ்சு சிக்கிக் காட்டிக்கொடுக்கும். அதைச் செய்யாமல் மாட்டினால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி பஞ்சர் ஆகும்.

உதிரிப்பாகத்திலும் ஒரு எச்சரிக்கை. கிராமத்துச் சைக்கிள் கடையில் 28 × 1½ டயர் தொங்கும். அது 29 ரிம்முக்குச் சேராது. 13 மில்லிமீட்டர் தளர்ந்து கழன்றுவிடும். டியூப் மட்டும் நெகிழும் பொருள் என்பதால் அவசரத்துக்கு 28 டியூபை 29க்குள் போட்டு வீடு வந்து சேரலாம். டயர் ஒன்றை உபரியாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி ஒற்றை வேகத்துக்கு வருவோம். சக்கரத்தின் அளவும் கியரும் ஒரே விஷயமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1870களில் ஐரோப்பாவில் ஓடிய உயரமான சைக்கிள்களில் செயின் கிடையாது. பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. ஒரு மிதிக்கு ஒரு சுற்று. வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும், ஓட்டுபவரின் கால் எட்டும் வரை. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ‘ரோவர்’ சைக்கிள், செயின் வைத்துப் பின்சக்கரத்தை ஓட்டும் முறையை நிலைநாட்டியது. 1888இல் டன்லப்பின் காற்று டயர் வந்தது. அத்தோடு உயரச் சைக்கிளின் தேவை முடிந்தது. ஆனால் அந்த உறவு மறையவில்லை: பற்களை மாற்றாமல் சக்கரத்தை மட்டும் பெரிதாக்கினால் இன்றும் மிதி கனக்கும்.

முன்னால் செயின் வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். மலிவு விலை ஒற்றை வேகச் சைக்கிள்களில் சாதாரணமாகக் காணப்படும் அமைப்பு இது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் 26 அங்குலச் சைக்கிள் 5.1 மீட்டர் நகரும், 29 அங்குலச் சைக்கிள் 5.6 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முன்னது மணிக்கு 18 கிலோமீட்டர், பின்னது 20. சமதளத்தில், காற்றில்லாத காலை நேரத்தில், இது நல்ல வேகம். மலைச் சைக்கிள் என்ற பெயர் இருந்தாலும் பரளச்சியைச் சுற்றி ஏற மலை இல்லை. கண்மாய்க்கரை ஏறுவதுதான் பெரிய ஏற்றம். அப்படியானால் கியரே வேண்டாமா? ஏற்றத்துக்கு வேண்டாம். காற்றுக்கு வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்தப் பூமிக்குத் தென்மேற்குப் பருவம் அதிகம் மழையைத் தருவதில்லை, காற்றைத் தருகிறது. ஆனி, ஆடியில் மேற்கு நோக்கிச் சைக்கிள் மிதித்தவருக்கு அது என்னவென்று தெரியும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ சைக்கிளில் மண்பாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் போக, காற்றில்லாதபோது ஏறத்தாழ 60 வாட் போதும். எதிரில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் அதே வேகத்துக்கு 175 வாட் வேண்டும். சாதாரண ஆரோக்கியமுள்ளவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 75 முதல் 100 வாட். ஆகவே அவர் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுவார். அந்த வேகத்தில் 44/18 அமைப்பில் பெடல் நிமிடத்துக்கு 30 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு சுற்று முழுவதும் சராசரியாக 17 கிலோ எடைக்குச் சமமாக அழுத்த வேண்டும். பெடல் கீழிறங்கும்போது இது இன்னும் கூடும். முழங்கால் வலி இப்படியும் வரும்.

பின்னால் 18க்குப் பதில் 22 பல் ஃப்ரீவீல் போட்டால் அதே காற்றில் அதே வேகத்தில் சுற்று 36 ஆகும், அழுத்தம் 14 கிலோவுக்கு இறங்கும். காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் போக நிமிடத்துக்கு 73 சுற்று மிதிக்க வேண்டும். இளையவர்களுக்கு அது சிரமமே அல்ல. செயினில் ஓர் அங்குலம் கூட்ட வேண்டியிருக்கலாம். செலவு சில நூறு ரூபாய். 21 கியர் என்று எழுதிய மலிவுச் சைக்கிளுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அந்த விலையில் வரும் கியர் மாற்றும் கருவி புழுதியிலும் களியிலும் சீக்கிரம் தடுமாறும். வண்டி ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் வளைந்தும்விடும்.

கியர் இல்லாததில் இன்னொரு நன்மை சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பல பல்சக்கரங்களை அடுக்கினால் பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பிகள் நிமிர்ந்தும் இடப்பக்கக் கம்பிகள் சாய்ந்தும் இருக்கும். இரு பக்க இழுவையும் சமமாக இருக்காது. ஒற்றைப் பல்சக்கரத்தில் இந்தக் கோணல் மிகக் குறைவு. பெரிய சக்கரத்தின் கம்பிகள் நீளமானவை, பக்கவாட்டில் எளிதில் கோட்டம் விழக்கூடியவை. ஆகவே இந்தச் சமநிலை 29க்கு மிகவும் தேவை. பழைய சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி வைத்தார்கள், பாரம் பின்னால் என்பதால். மலைச் சைக்கிளில் இரண்டிலும் 36 இருந்தால் போதுமானது.

கடையில் நிற்கும்போது கண்ணைப் பறிக்கும் ஸ்பிரிங் ஃபோர்க்கைத் தவிர்த்துவிடுங்கள். இந்த விலையில் அது கனத்தைக் கூட்டும், எழுந்து மிதிக்கும்போது உங்கள் உழைப்பில் ஒரு பங்கை விழுங்கும். அதிர்ச்சியைத் தாங்கும் வேலையை 54 மில்லிமீட்டர் டயர் ஏற்கெனவே செய்கிறது. டிஸ்க் பிரேக் வேண்டுமா என்பதில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. களி அப்பிய ரிம்மைவிட டிஸ்க் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ரிம் பிரேக்கின் கட்டையைப் பரளச்சியிலேயே மாற்றிக்கொள்ளலாம். கேரியர் மாட்ட ஓட்டைகள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். சுமக்க முடியாத சைக்கிள் இந்த ஊரில் பாதிச் சைக்கிள்தான்.

உயரத்தையும் பார்க்க வேண்டும். 29 சக்கரம் சட்டத்தை மேலே தூக்கிவிடும். தரையில் இரு காலையும் ஊன்றி நின்றால் மேல்கம்பிக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரற்கடை இடம் இருக்க வேண்டும். ஐந்தடி உயரமுள்ளவருக்குப் பெரும்பாலும் இருக்காது, அவர் 26ஐ எடுப்பதே நல்லது. கால் எட்டாத சைக்கிளைக் குரங்குப் பெடலில் ஓட்டிக் கற்ற நாடு இது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகியபோது, பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பி ஓட்டினார்கள்; முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது ஒரு காரணம். தமிழக அரசு 2001-02இல் ஒரு பகுதி மாணவியருக்குத் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர் எல்லோருக்கும் விரித்த விலையில்லாச் சைக்கிள்களும் கியர் இல்லாதவைதான். அவை ஓடும் வரை அந்தப் பிள்ளைக்குப் புதிது வாங்க வேண்டிய அவசியமில்லை. நல்ல டயரும் 20 அல்லது 22 பல் ஃப்ரீவீலும் போதும்.

இணையத்தில் வாங்கினால் வண்டி பெட்டியில் பாதி பூட்டிய நிலையில் வரும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும். தெரியாமல் வலுக்கட்டாயமாக முறுக்கினால் கிராங்கின் மரை போய்விடும், பிறகு எத்தனை முறை இறுக்கினாலும் பெடல் கழன்று விழும். ஃபோர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்புறமாகத் திருப்பி மாட்டிய ஃபோர்க்கோடு ஓடும் சைக்கிள்கள் உண்டு. கம்பிகளின் இறுக்கம் ஓட ஓடத் தளரும். அதனால் முதல் மாதத்திலேயே ஒருமுறை கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்துவிட வேண்டும்.

ஓட ஆரம்பித்த பிறகு செலவு வைக்கும் உறுப்பு செயின். எண்ணெயைத் தாராளமாக விட்டால் கரிசல் புழுதி அதில் ஒட்டிச் சாணைபோல் தேய்க்கும். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, வெளியே இருப்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். ஒரு பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து, அது 12 அங்குலத்தைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றலாம். எட்டில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் ஃப்ரீவீலின் பற்களும் தேய்ந்திருக்கும். செயினோடு அதையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். எப்படியும் புதுசு போடத்தான் போகிறீர்கள். கடைக்காரர் கையில் எடுக்கும் 18 பல்லைத் திருப்பி வைக்கச் சொல்லி, அப்போது 22 கேட்டு வாங்குங்கள்.